ஒரே திருப்பில் திறந்த மூடி

– அப்போ எதைத்தான் நம்புறது? நோட்டையா, மெஷினையா?

– முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உட்காரு. டாக்டர் என்ன சொன்னாரு?

– புதுசா ஒண்ணும் சொல்லல. விரல் மூட்டுல குருத்தெலும்பு தேய்ஞ்சிருக்கு, தேய்ஞ்சது வளராது, வலியைக் குறைச்சுக்கலாம்னாரு. கைப்பயிற்சி குடுக்குற அம்மாகிட்ட அனுப்பிட்டாரு. அவங்க கைப்பிடி பலம் அளக்குற அந்த மெஷினைக் குடுத்து, இருக்குற பலத்தையெல்லாம் போட்டு அமுக்குங்கன்னாங்க. மூணு மாசத்துக்கு முந்தி பதினாலு கிலோ காட்டுச்சு. இன்னைக்குப் பதினொண்ணு.

– குறைஞ்சிருக்கா?

– மெஷின்ல குறையுது. என் நோட்டுல ஏறுது. இங்க பாருங்க... முதல் வாரம், "சர்க்கரை பாட்டில், திறக்க முடியவில்லை." ஆறாவது வாரம், "துணி சுற்றி, மூன்றாவது முயற்சியில்." போன வாரம், "ஒரே திருப்பு, துணி இல்லை."

– பரீட்சைக்குக்கூட நீ இவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்க மாட்ட.

– கிண்டல் இருக்கட்டும். ராத்திரி நீங்க இறுக்கி மூடுறீங்க. காலையில வெந்நீர்ல கையை வச்சு, விரலை மடக்கி நீட்டிட்டு நான் திறக்குறேன். அதே பாட்டில், அதே மூடி. இதுல தப்பு எங்கேருந்து வரும்?

– மெஷின் பழசா இருக்கும்.

– நானும் கேட்டேன். அந்தம்மா அவங்களே அமுக்கிக் காட்டினாங்க. முள்ளு எகிறிப் போச்சு.

– சரி... வேற என்ன சொன்னாங்க?

– அதுதான் இன்னும் குழப்பம். கையை சும்மா வச்சிருக்காதீங்க, அசைங்கன்னாங்க. உடனே, ரொம்ப வேலை வாங்காதீங்கன்னாங்க. எது ரொம்ப, எது கொஞ்சம்னு கேட்டா, உங்க வலிதான் சொல்லும்னாங்க. என் வலி எனக்கு ஒழுங்கா சொல்லியிருந்தா நான் ஏன் நோட்டு போடுறேன்?

– அதுவும் சரிதான்.

– நீங்க ஏன் டம்ளரை ரெண்டு கையால பிடிச்சிருக்கீங்க?

– சூடா இருக்கு.

– ஆறிப்போய் அரை மணி ஆகியிருக்கும்.

– பழக்கம்... விடு. முதலாளியம்மாவுக்கு எப்போ பதில் சொல்லணும்?

– அஞ்சு மணிக்குள்ள. திங்கக்கிழமைலேருந்து பார்லர்ல முழு நாள் முடி வெட்ட வர முடியுமா, இல்ல வேற ஆள் பார்க்கட்டுமான்னு கேட்டிருக்காங்க. நோட்டு சொல்றது நிஜம்னா போகலாம். மெஷின் சொல்றது நிஜம்னா...

– பாதி நாள் போயேன். கட்டைவிரல் அசையாம பிடிச்சுக்குற பட்டையைப் போட்டுக்கிட்டு.

– உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க. நாள் முழுக்க சைக்கிளைக் கழட்டி மாட்டுற கை.

– ம்.

– ஸ்பானர்ல எல்லாம் ஏன் துணி சுத்தி வச்சிருக்கீங்க? நேத்து கடைக்கு வந்தப்போ பார்த்தேன்.

– உன் கத்தரிக்கோல் பிடிக்கு சுத்தினதுல மிச்சம் இருந்துச்சு. வீணாக்குவானேன்?

– என்னங்க... ஒண்ணு சொல்லணும். போன வியாழக்கிழமை ஒருத்தங்களுக்கு வெட்டிக்கிட்டிருந்தப்போ கட்டைவிரல் அப்படியே விட்டுருச்சு. கத்தரி காது மடல்ல பட்டுருச்சு.

– ரத்தம் வந்துச்சா?

– ஒரு சொட்டு. நான் மன்னிப்பு கேட்டேன். அவங்க பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்க. முதலாளியம்மாவுக்குத் தெரியாது. உங்ககிட்டயும் சொல்லல.

– ஏன் சொல்லல?

– அன்னைக்குக் காலையில நோட்டுல "ஒரே திருப்பு"ன்னு எழுதியிருந்தேன். கை சரியாகிடுச்சு, ஏதோ கவனக் குறைவுன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்கு அந்தப் பதினொண்ணைப் பார்த்ததும்தான் பயமே வந்துச்சு. அடுத்த தடவை ஒரு சொட்டோட நிக்குமா? அதனால நேராவே கேட்கிறேன். மறைக்காம சொல்லுங்க. என் மேல பாவப்பட்டு மூடியை லேசா மூடுறீங்களா?

– ...ஆமா.

– நினைச்சேன்.

– காலையில திறந்துட்டு நீ சிரிக்கிறது பார்க்க நல்லா இருந்துச்சு. அதான்.

– நல்லா இருந்துச்சாம். நான் அதை நம்பி ஒருத்தங்க காதுகிட்ட கத்தரியைக் கொண்டு போயிருக்கேன்.

– தப்புதான். நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு அரை நாள்னு சொல்லிடு. போனை எடுத்துத் தரவா?

– இருங்க, மணி நாலரைதான் ஆகுது. அந்தப் பாட்டிலை எடுங்க. என் கண்ணு முன்னாடி மூடுங்க. ஒரே ஒரு தடவையாவது ஒழுங்கா திறந்து பார்த்துட்டுப் பேசுறேன்.

– இப்போ எதுக்கு அதெல்லாம்...

– மூடுங்கன்னா மூடுங்க. பாவம் பார்க்காம. சைக்கிள் நட்டு முடுக்குற மாதிரி.

– ம்... ம்ம்... இந்தா. மூடிட்டேன்.

– முகமெல்லாம் ஏன் இப்படிச் சுருங்குது? நடிக்காதீங்க. குடுங்க இப்படி... அட, ரெண்டு விரல்லேயே வந்துருச்சே. இப்பவும் ஏமாத்துறீங்களா?

– இல்லம்மா. நான் லேசா மூடினேன்னு சொன்னதுதான் பொய். தினமும் இதே மாதிரி, இருக்குற பலத்தையெல்லாம் போட்டுத்தான் மூடினேன்.