ரெண்டு கேம், ஒரே பக்கம்

"நேற்று உன்னை முதுகில சுட்டது நான்தான், மச்சான்."

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கரையில் வரிசையாக நின்று கரைவலைக் கயிறு இழுக்கும் இளைஞர்கள் இருவர். சொன்னவர் கையில் ஃபோன். மற்றவர் திகைத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் எண்டெல்லே சொன்னனீ?"

"ஓம். இது ரெண்டு கேமைச் சேர்த்துச் செய்தது. நீ விளையாட எடுத்த வீரன் பழைய கேமில என்ர எதிரி. கண்டவுடன கை போயிட்டுது."

"அப்ப ஏன் சேர்த்தவங்கள்?"

"எல்லா வீரரும் ஒண்டா நிக்கிறது வடிவெல்லே. அடிபாடு தொடங்கினாத்தான் ஆர் எவரெண்டு விளங்காது."

மற்றவர் பேச்சை மாற்றினார்.

"நாளைக்கு வலைக்கு ஆள் காணாதெண்டு என்ர அண்ணனையும் கூப்பிட்டிருக்கு."

"போன மாசம் வலைக்கு நடந்த சண்டையில எனக்கு அடிச்சவரையோ?"

"ஓம். உனக்குப் பின்னால, அதே கயித்தில."

ஃபோன் பைக்குள் போனது.

"அவருக்குத் தெரியுமோ மச்சான், நாங்க இப்ப ஒரே பக்கமெண்டு?"