குதி கண்டு சொன்ன கண்களுக்கு

விருத்தாசலம் பீங்கான் கூடத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கோப்பை கடைந்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தங்கம்மாள் அவர்களுக்கு உடனுழைத்தோர் உவந்தளிக்கும் பாராட்டு மடல்.

மண்ணின் மனமறிந்த மாண்பே! சுழலும் தட்டின் முன் சோராத சித்தமே! விளிம்பு வழுவாத வித்தகமே! வணக்கம்.

கூடியிருக்கும் கண்மணிகளே, கொஞ்சம் கிட்டே வாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்; மிச்சரும் டீயும் எங்கேயும் ஓடிப்போகாது. மடலென்றால் புகழ்மாலை மட்டும்தானா? இதில் ஒரு கதையும் இருக்கிறது. வண்டிச் சக்கரம் ஒன்றுக்குக் கோட்டம் எடுத்த கதை.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி, ஆனி மாதம். தங்கம்மாளின் மிஷினிலிருந்து இறங்கிய கோப்பைகள் பதினைந்து நாளாக விளிம்பு ஏறியும் இறங்கியும் வந்தன. கவிழ்த்து வைத்தால் ஆடின. மேற்பார்வையாளர் திருமால் அவர்கள் அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது என்று முடிவு கட்டி, திங்கட்கிழமை முதல் பேக்கிங்குக்குப் போகச் சொல்லிவிட்டார். கோளாறு மிஷினில்தான் என்று தங்கம்மாள் எத்தனையோ முறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக அது எடுபடாமல் போயிற்று.

பேக்கிங் வேலை ஒன்றும் இழிவில்லை. இதில் கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறோம். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கண்ணால் பெயரெடுத்த ஒருத்தியை, கண் போனவள் என்று சொல்லி அனுப்பினால் எப்படித் தாங்கும்? அதைவிடப் பாவம், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துப் படித்து, சரிதானா என்று மகள் வெண்பாவிடம் கேட்டார். எல்லாம் சரிதான். அப்படியும் மனசு ஆறவில்லை. எந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸு வரும் என்பது முன்னமே தெரியுமே, இதில் கண்ணுக்கு என்ன சாட்சி என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைகளுக்குச் சாம்பிள் கொண்டுபோகும் நம் பாரி, கம்மாபுரம் ரோட்டுப் பள்ளத்தில் வண்டியை விட்டார். அவருக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. முன்சக்கரம்தான் அப்பளமாக நெளிந்துவிட்டது. மங்கலம்பேட்டை மெக்கானிக் ஷபியுல்லா பாய் நம் வாசலுக்கே வந்தார். டயரைக் கழற்றினார், வெறும் ரிம்மை வண்டியிலேயே மாட்டிச் சுற்றவிட்டார். ரிம் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கத்து போக்ஸ் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்கி, கம்பி கம்பியாகக் கோட்டம் எடுத்தார். மத்தியானத்துக்குள் சக்கரம் ஆடாமல் சுற்றியது. முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

டீ குடிக்க வந்த தங்கம்மாள் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றார்.

“பாய், ஆட்டம் நின்னுடுச்சு. குதி நிக்கல. சுத்துக்கு ஒரு தடவ மேல எழும்பி எறங்குது.”

“யக்கா, நீங்க கோப்பையப் பாருங்க. சக்கரத்த நான் பாத்துக்கிறேன்.”

கூட்டம் சிரித்தது. திருமால் அவர்களும் சிரித்தார். இன்னொரு நாளாக இருந்தால் தங்கம்மாள் பேசாமல் உள்ளே போயிருப்பார். அன்றைக்குப் போகவில்லை. ஒரு குச்சியைச் சக்கரத்துக்கு மேலே குறுக்காகக் கட்டினார், அதில் ஒரு பிடி ஈரக் களிமண்ணை அப்பி, ரிம்முக்கும் மண்ணுக்கும் நூலளவு இடைவெளி விட்டார், சக்கரத்தைச் சுழற்றினார். ரிம்மில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மண் தீற்றிக்கொண்டு வந்தது.

ஷபியுல்லா பாய் மறுபடி சக்கரத்தின் முன் குந்தினார். மண் பட்ட இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் இறுக்கி, நேர் எதிரே தளர்த்திவிட்டுச் சுற்றினார். இந்த முறை மண் படவில்லை.

அந்தக் குச்சியைப் பார்த்தபடி நின்ற தங்கம்மாளுக்குச் சட்டென்று வழி பிறந்தது. பதினைந்து நாளாக வாயால் சொன்னதை இனி மண்ணே சொல்லும் அல்லவா? அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு நேரே தன் மிஷினுக்குப் போனார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. மிஷினை வெறுமனே ஓடவிட்டு, சுழலும் தண்டின் மேல் கோப்பை உட்காரும் தலைப்பாகத்தின் விளிம்புக்கு மேலே அதே மண்ணைப் பிடித்தார். அங்கேயும் ஒரே இடத்தில் தீற்றியது.

“இப்ப சொல்லுங்க சார். கோணல் என் கண்ணுலயா, மிஷினு தண்டுலயா?”

தண்டைக் கழற்றிப் பார்த்தார்கள். வளைந்திருந்தது. புதுத் தண்டு வந்தது, கோப்பைகள் நேராயின, பேக்கிங்குக்குப் போகச் சொன்ன பேச்சு அத்தோடு நின்றது. திருமால் அவர்கள் வேலையைப் பார்க்கச் சொன்னார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கம்மாளும் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் கேட்கவில்லை.

போன மாதம் இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது, திருமால் அவர்கள் தாமாகவே எங்களிடம் வந்தார்.

“அந்தம்மா கண்ணக் கொற சொன்னது நான்தான்னு எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க. அவ்ளோ பேரு முன்னால சிரிச்சுட்டு, மன்னிப்ப மட்டும் தனியாவா கேக்குறது?”

பாராட்டு மடலில் இப்படியெல்லாம் எழுதும் வழக்கமில்லை என்றோம். அவர் கேட்கவில்லை. நாங்களும் மகிழ்ந்தே எழுதிவிட்டோம்.

தங்கம்மாள் அவர்களே! உங்கள் கண்ணில் பழுதில்லை, என்றைக்கும் இருந்ததில்லை. பழி சொன்னவரே முதல் கையெழுத்திட்ட இந்த மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, ஊரறிய உங்கள் கையில் தருகிறோம். வூட்டுக்கு வருகிறவர் எல்லோரும் படிக்கும்படி வாசலுக்கு நேரே மாட்டுங்கள். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் அந்தக் கண்ணால் கண்டு, நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள்.

கேட்டிருந்த கண்மணிகளே, உங்கள் ஒவ்வொருவர் வூட்டிலும் அடுப்பில் பால் பொங்கட்டும், தொட்டிலில் பிள்ளை சிரிக்கட்டும், காலையில் வண்டியெடுத்துப் போனவர் விளக்கு வைக்கும் முன்னே நல்லபடி வந்து சேரட்டும்.

இங்ஙனம்,
திருமால், பாரி
மற்றும் கடைசல், சூளை, பேக்கிங் பிரிவுகளின் உடனுழைப்போர்
விருத்தாசலம்