தண்ணீர்மலைக்கு நேர்ந்த முடி

ஆயர் ஈத்தாமிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஃபேக்டரி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். இடுப்பு வரை பின்னல் போட்டிருந்த இளையவள் சொன்னாள்:

“இத வெட்ட முடியாதுக்கா. இது என் முடி இல்ல, முருகனோடது.”

கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“நுனியெல்லாம் வெடிச்சு வெளக்கமாறு மாதிரி இருக்கு லா. கொஞ்சம் ட்ரிம் பண்ணா என்ன?”

“அம்மா எழுந்து நடந்தா மொட்டை போடுறேன்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நேர்ந்துகிட்டேன். இப்ப நடக்குறாங்க. வர்ற தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை கோயில்ல குடுக்கணும். சாமிக்குன்னு வெச்சதுல கத்தரி வைக்கலாமா?”

மூத்தவள் பின்னலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மேல்பாதி நல்ல கறுப்பு. கீழ்ப்பாதி வெளுத்துப்போன செம்பட்டை.

“இந்தக் கலர் எப்ப அடிச்ச?”

“நேர்ந்துக்கறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் அடிக்கவே இல்லக்கா.”

“முடி வேர்லேருந்துதானே வளருது? அப்ப நேர்ந்த பிறகு வளர்ந்த கறுப்புதான் அவரோடது. இந்தச் செம்பட்டை அதுக்கு முன்னாடியே இருந்தது. அது உன்னோடது. தாராளமா வெட்டு.”

இளையவள் பின்னலைத் திரும்ப வாங்கி, நிறம் மாறுகிற இடத்தை விரலால் தேடிப் பிடித்துக்கொண்டாள். கொம்தார் ஸ்டாப்பில் இறங்க எழுந்தபோதுதான் மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப என் பாதிக்கு மட்டும் புதுசா கலர் அடிச்சுக்கலாமாக்கா?”