குமிழி இல்லாத புட்டி

தண்ணீரைப் புட்டியில் பிடிப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இருக்கிறது ஐயா. பெட்ரோல் கலந்திருக்குமோ என்று சோதிப்பதற்கான தண்ணீர் என்றால், புட்டியின் வாயில் மேடு கட்டி நிற்கும்வரை நிரப்ப வேண்டும். மூடியைத் திருகி, கவிழ்த்து, விரலால் இரண்டு தட்டு. உள்ளே ஒரு குமிழி ஓடினாலும் அந்தப் புட்டி ஆகாது. பெட்ரோலில் உள்ள பென்சீனுக்குத் தண்ணீரைவிடக் காற்றைப் பிடிக்கும். கொஞ்சம் இடம் கிடைத்தால் கிளம்பிவிடும். பதினோரு வருடத்தில் என் புட்டிகளில் குமிழி வந்ததில்லை. ஆய்வகத்தில் அவற்றைக் காட்டித்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தப் பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டி நான் போவதற்கு முன்பே துருப்பிடித்து ஒழுகியிருந்தது. தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒழுகியது எதுவரை போயிருக்கிறது என்று அங்கங்கே துளை போட்டுப் பார்ப்பது என் வேலை. அங்கே மேலே இருபதடிக்கு மணல். அதற்குக் கீழே களிமண். அதற்கும் கீழே, தெருவே குடிக்கிற தண்ணீர். களிமண் ஒரு தட்டு மாதிரி; மேலே எவ்வளவு அழுக்கு நின்றாலும் கீழே இறங்க விடாது. அதனால் எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: களிமண் தட்டினால் நிறுத்து.

ஆறாவது துளையில் நான் நிறுத்தவில்லை.

“சார், களிமண் வந்துடுச்சு. நிறுத்தட்டுமா?” என்று கேட்டார் துளை போடுகிறவர்.

“இன்னும் கொஞ்சம் போங்க. எவ்வளவு கனம்னு பாத்துடலாம்.”

“பல்லு எத்தனைன்னு எண்ண, புலி வாய்க்குள்ள கைய விடுறீங்க.”

ஒன்பதடி இருந்தது. அந்தத் தளத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் அதை நான் வரைந்த அழகை நீங்கள் பார்க்க வேண்டும். அப்படித் துளைத்துவிட்டால், ஈரம் பட்டதும் வீங்குகிற களிமண் உருண்டைகளைக் கொட்டி அடைக்க வேண்டும். இரண்டு மூட்டை, அரை நாள் வேலை. அன்று மூட்டை வரவில்லை, மழையும் பிடித்துக்கொண்டது. குழாயை இறக்கி மூடி போட்டேன். ‘அடைக்கப்பட்டது’ என்று எழுதினேன். மறுநாள் வேறு ஊரில் ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பங்க்கின் பின்சுவரை ஒட்டி ஒரு தையல்காரம்மா வீடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் ஆழ்குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கப் போவேன். என்னைத் தண்ணி டாக்டர் என்பார்கள். போனதும் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவார்கள். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. புட்டியைக் கவிழ்த்துத் தட்டுவதை என்னிடம் கற்றுக்கொண்டு, தன் தண்ணீர் பாட்டிலையும் தட்டிப் பார்ப்பாள்.

இரண்டாம் வருடம் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பென்சீன் காட்டியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. களிமண் தட்டில் ஓட்டை ஒன்றுதான், அது என்னுடையது. வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன், கையிலிருந்து ஒட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். நம்பினார்கள். நியாயமான காரணம்தான் அது.

அதற்கு அடுத்த முறையிலிருந்து தண்ணீரை முதலில் வாளியில் பிடித்தேன். வெயிலில் வைத்து, ஒரு மணி நேரம் குச்சியால் கலக்கினேன். பிறகு ஒரு குமிழிகூட இல்லாமல் புட்டியில் நிரப்பினேன். ‘கண்டறியப்படவில்லை’ என்று முடிவு வந்தது. ஆய்வகம் பொய் சொல்லவில்லை. அந்தப் புட்டியில் ஒன்றும் இருக்கவில்லை.

“எதுக்கு தம்பி இந்தக் கலக்கு கலக்குறீங்க? மோரா கடையறீங்க?” என்றார்கள் தையல்காரம்மா.

“இதுக்குன்னு ஒரு முறை இருக்குக்கா.”

“தண்ணியில என்னமோ வாசனை வருதே.”

“புதுக் குழாய் வாசனைக்கா.”

“எங்க வீட்டுக்காரர் பூசிக்கிற சென்ட்டுக்கு இது தேவலாம். குடிக்கலாமில்ல?”

“தாராளமா குடிங்க.”

இப்படிப் பதினான்கு முறை. ஒன்பதாவது முறை போனபோது அந்தப் பெண்ணின் கைகளில் நீலநீலமாகத் திட்டுகள். பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள் என்றார்கள். பென்சீன் எலும்பு மஜ்ஜைக்குள் போய் இரத்தம் ஊறும் இடத்தைக் கெடுக்கும். அப்போது லேசாக இடித்தாலே கன்றிப்போகும். இதை உங்களுக்கு விளக்குவதுபோல் அங்கே விளக்க முடியவில்லை. அன்றும் வாளியில் கலக்கினேன். பன்னிரண்டாவது முறை போனபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. தண்ணீர் எடுக்காமல் திரும்புவது முறையல்ல. பின்பக்கமாகப் போய் எடுத்துக்கொண்டேன்.

குடலிறக்க அறுவைக்காக நான் விடுப்பில் போன சமயம், எனக்குப் பதிலாகப் போனவர் தண்ணீரை நேராகப் புட்டியில் பிடித்தார். அதில் வந்த பென்சீன் அளவைப் பார்த்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். இப்போது அடைத்துப் பயனில்லை. கீழே இறங்கியதை நம் ஆயுளுக்குள் எடுக்க முடியாது. தெருவில் இன்னும் முப்பது வீடு இருக்கிறது.

ஏன் முன்பே அடைக்கவில்லை என்கிறீர்கள். அடைக்கப் போனால், ஏற்கெனவே அடைத்ததை ஏன் அடைக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். மற்றபடி, அந்தத் தண்ணீர் அவ்வளவு மோசம் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது; அந்த முதல் தடவைக்குப் பிறகு என் புட்டிகளில் ‘இருக்கிறது’ என்று ஒரு தாளும் சொல்லவில்லையே. அவர்கள் நீட்டிய டம்ளரை நான் ஒருமுறைகூட வாங்கிக் குடிக்கவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. எனக்குச் சுபாவத்திலேயே தாகம் குறைவு.