பின்னால் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர் இருக்கை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பணிமனை மேலாளர் அவர்களே, வண்டியை நிறுத்திவிட்டுச் சீருடையோடு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, வணக்கம்.

நம் சங்கத் துணைச் செயலாளர், இந்தப் பணிமனையின் முதல் பெண் ஓட்டுநர், நம் 'ஹாரன்' அக்கா போய்விட்டார். இருபது வருடத்தில் ஹாரனைத் தொட்டதே இல்லை என்பதால் வந்த பெயர் அது! கடைசி நிறுத்தத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு மூன்று நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்தவர் யார்? "உங்க ரூம்ல இருக்கற டாய்லெட்ட எங்களுக்கு விடுங்க சார், எழுந்து போயிடறோம்" என்று பழைய மேலாளரிடம் சொன்னவர் யார்? அக்கா!

அக்காவுக்குக் காலை, எனக்கு மாலை. ஒரே பேருந்து. குள்ளமான அக்கா இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருப்பார். நான் ஏறியதும் பின்னால் தள்ளுவேன். போன வருடம் தள்ளும் வேலை குறைந்தது. மூன்றே மாதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, இருக்கை என் அளவுக்கே வந்து நின்றது. அக்காவின் வயிறு ஸ்டியரிங்கில் இடித்திருக்கிறது, தோழர்களே!

நான் என்ன செய்தேன்? கேலி செய்தேன்.

"என்னக்கா, தினமும் விருந்தா?"

"நீ வேற. ரெண்டு வாய் வெச்சாலே வயிறு ரொம்பிடுதுடி. இந்த உப்பிசம்தான் போக மாட்டேங்குது."

முகம் வற்றியது, வயிறு பெருத்தது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பேருந்தின் ஒவ்வொரு நடை முடிந்ததும் கழிப்பறைக்கு ஓடினார். ஓட வெட்கப்பட்டுத் தண்ணீரையே குறைத்தார். தெருமுனை மருத்துவர் வாயு மாத்திரை எழுதினார். தீர்ந்ததும் மறுபடி அதையே எழுதினார். ஐந்தாம் மாதம்தான் ஸ்கேன். சினைப்பைப் புற்றுநோய். அதற்குள் வயிறெங்கும் பரவியிருந்தது.

நானும் பெண்தானே? கண்ணெதிரே பார்த்தேனே!

மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "துடிக்கத் துடிக்க வலிச்சிருந்தா அன்னிக்கே போயிருப்பேன். இது சும்மா தொந்தரவாத்தானே இருந்துச்சு. நம்ம பொண்ணுங்ககிட்ட சொல்லிடு. வெக்கப்படாம சொல்லு."

சொல்கிறேன். புதிதாக வந்த உப்பிசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். பெரும்பாலும் வேறு ஏதோவாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வாரமாகியும் விடவில்லை என்றால், அது வாயுதான் என்று முடிவுகட்ட நாம் யார்?

நேற்று ஓய்வறையில் ஒரு சகோதரி தனக்கும் இதே தொந்தரவு என்று சொன்னார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். இப்போது இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அக்காவின் படத்துக்கு முன் நின்று சொல்கிறேன்: நாளைக் காலை எட்டு மணிக்கு மருத்துவரிடம் அவரோடு நானும் போகிறேன். ஸ்கேன் எழுதித் தரும்வரை நாங்கள் இருவரும் நாற்காலியை விட்டு எழமாட்டோம்.