பாட ஆளில்லாத இசைத்தட்டு

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒற்றை வண்டி போகிற சாலை. கண்ணுக்கு எட்டிய வரை ஈ காக்கை இல்லை... அந்தச் சாலைக் கடைசியில் இருந்த பெரிய வீட்டுக்குத்தான் இசைத்தட்டு அத்தான் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். குறுக்கே யாரும் இளிக்கக் கூடாது. இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என்னோடு வேலை பார்க்கிற ஒருவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவன் அத்தான், அத்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அவர் அத்தானாகிவிட்டார்.

அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் ஓட்டல் கூடங்களில் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்று வாசித்த ஜாஸ் இசை. அதையும் அந்தக் காலத்து அரக்கு இசைத்தட்டில்தான் கேட்பார். சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன், தட்டுக்குத் தட்டு புது முள். லிஃப்ட் குழிக்குள் நின்று அந்த மெட்டுகளைச் சீட்டியடிப்பார். மேல் மாடிக்காரர்கள் அரண்டுபோய்ப் படியில் இறங்குவார்களாம்.

அந்தப் பெரிய வீட்டைக் காலி செய்கிறார்கள், பழைய தட்டுகள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் போனார். உள்ளே ஒரு வேலைக்கார அம்மா மட்டும். ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டுப் பெட்டியைக் காலால் தள்ளி, எடுத்துக்கொண்டு போ என்று கை காட்டினாள். அத்தான் குனிந்து தூக்கும்போது, வெள்ளை லேபிள் ஒட்டிய ஒரு தட்டை மட்டும் சட்டென்று உருவிக்கொண்டாள். லேபிளில் ஒரு எழுத்து இல்லை. கடைக்கு வருவதற்கு முன் சோதனைக்காக அடிக்கிற தட்டு அப்படித்தான் இருக்கும், லேசில் கிடைக்காது. அத்தான் விடுவாரா? பிடித்து இழுத்தார். அவள் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்... ரகசியமாகத் தருகிறாளாக்கும் என்று இவரும் விரலை வைத்துக் காட்டிச் சிரித்துவிட்டு, தட்டோடு வந்துவிட்டார்.

வீட்டில் அக்காவுக்கு ஏழாம் மாசம்.

அந்த இசையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் குழு ஒரு சுற்று வாசிக்கும். அப்புறம் பாடகன் முன்னால் வந்து ஒரே ஒரு சரணம் பாடிவிட்டு விலகிக்கொள்வான். அவன் பெயரைக்கூடப் பல தட்டுகளில் போடமாட்டார்கள். இந்தத் தட்டிலும் குழு ஜோராகத்தான் வாசித்தது. டிரம்பெட் அடங்கியது, பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் மட்டும் தாளம் தட்டிக்கொடுத்தது. ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்... அவ்வளவுதான். யாரும் பாடவில்லை. கடைசி வரை வெறும் தாளம். முள் அரைத்துக்கொண்டு ஓடியது.

காலி இடம் கிடைத்தால் அத்தானுக்கு வாய் சும்மா இருக்குமா? அக்கா வயிற்றுப் பக்கம் குனிந்து, அந்தத் தாளத்துக்கே இழுத்துப் பாடினார். "அப்பா ஒரு வரி... நீ ஒரு வரி... வாடி என் தங்கம், வந்து பாடு..."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அதே தட்டைப் போட்டார். குழு வாசித்தது. மூச்சிழுக்கிற சத்தம். அதன் பிறகு... அத்தானுடைய குரல். கீறலுக்கு அடியிலிருந்து வந்தது. அப்பா ஒரு வரி, நீ ஒரு வரி.

"என்னங்க... நீங்க வாயே திறக்கலையே?" என்றாள் அக்கா.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். அந்தக் குரல் திரும்பி வரவே இல்லை. தட்டை உடைத்துப் போடலாம் என்று அக்கா அழுதாள். அத்தான் வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தானே? துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள்.

வலி எடுத்து அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, மாற்றுத் துணி எடுத்துவர அக்காவின் தம்பி, அதுதான் என் நண்பன், அவர்கள் வீட்டுக்குப் போனான். பூட்டைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. சூடேறிய அரக்கு. அதோடு பழைய சிகரெட்டு. அந்த வீட்டில் யாரும் புகைப்பதில்லை. தட்டைச் சுற்றியிருந்த துண்டு கட்டில்மேல் மடித்து வைத்திருந்தது. கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது, அதில் அந்தத் தட்டு...

அத்தான் பாடி முடித்தார். பாஞ்சோ விடாமல் தட்டியது. அடுத்த வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

அப்போதுதான் போன் அடித்தது. அவனுடைய அம்மா.

"பொண்ணுடா... நல்லாத்தான் இருக்கு, மூச்சு விடுது. ஆனா அழ மாட்டேங்குதுடா. வாயைத் திறக்குது, சத்தமே வரலை. டாக்டரு தட்டித் தட்டிப் பாக்குறாரு..."

தட்டு வாங்கிவந்த அன்றைக்கே அத்தான் சொல்லியிருந்த அந்தப் பேசாத வேலைக்கார அம்மாவும், அவள் உதட்டில் வைத்த விரலும் நண்பனுக்கு ஞாபகம் வந்தன. மறுநாளே அந்தச் சாலைக்கு ஓடினான். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள்.

குழந்தைக்கு இப்போது ஐந்து மாசம். பசித்தால் முகம் சிவக்கும், வாய் கோணும், கண்ணீர் வழியும். சத்தம் கிடையாது. ராத்திரி முழுக்க அக்கா கண் கொட்டாமல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதபோது தட்டை எடுத்துப் போடுவாள். அந்த முள் எஃகு. ஒவ்வொரு தடவையும் தட்டைக் கொஞ்சம் தின்றுவிடும். நண்பன் சொல்லிப் பார்த்தான்.

"அக்கா, போட்டுப் போட்டுத் தேஞ்சு போயிடும்."

"எம் பொண்ணு அழுறதை நான் வேற எங்கேடா போய்க் கேப்பேன்?"

போன வாரமும் போட்டிருக்கிறாள். அத்தான் பாடி முடித்தார். குழந்தையின் இடம் வந்தது. அது இரண்டு விம்மல்தான் விம்மியது. அதற்குள் ஒரு ஆண் குரல், அத்தானுடையது இல்லை, முதலில் மூச்சை மட்டும் இழுத்த அந்த ஆளுடையதாக இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் வந்து "ஷ்ஷ்... ஷ்ஷ்..." என்று அமர்த்தியது.

தொட்டிலில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்த குழந்தை, அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனதாம்.