கயிறு பிடிக்கிற தோள்

கீழ பாக்காதீங்க மாப்ள, சுவத்தப் பாருங்க. பிரஷ்ஷ வாளிக்குள்ள போட்டுருங்க. மொத நாளுக்கு இவ்ளோ அடிச்சதே போதும். கயிறு என் கையிலதான் இருக்கு, மொட்டை மாடிய விட்டு நான் எங்க போகப் போறேன்? பக்கத்துல ஜன்னலுக்கு மேல சிலாப் தெரியுதுல்ல, அதுல ஒரு கால வையுங்க. அவசரமெல்லாம் இல்ல. உக்காந்திருக்கிற பலகைய மட்டும் ஆட்டாதீங்க.

குரலா? ஒண்ணுமில்ல, தொண்ட வறண்டுருச்சு.

மத்தவனுங்க டீக்குப் போயிருக்கானுங்க, கூப்ட்டுப் பாத்தேன், கேக்கல. அதுவரைக்கும் பேசிட்டிருப்போம். மூணு வருஷம் முன்ன ஒருத்தன் பலகை சாஞ்சுது. எட்டிப் பிடிச்சேன், இடது தோள் கழண்டுருச்சு. நானே தூண்ல இடிச்சு உள்ள தள்ளிட்டேன். எல்லாரும் கை தட்டுனானுங்க, எனக்கும் பெருமதான். அதுக்கப்புறம் சட்ட மாட்டினா கழலும், தூக்கத்துல புரண்டா கழலும்.

ஸ்கேன் பாத்த டாக்டரம்மா திட்டுனாங்க. தோள் கிண்ணத்தச் சுத்தி ஒரு ஜவ்வு இருக்காம், குக்கர் மூடி ரப்பர் மாதிரி. நான் இடிச்ச இடியில அது இன்னும் கிழிஞ்சு தொங்குதாம். ஆபரேஷன் பண்ணணும், ஆறு மாசம் கயித்தத் தொடக்கூடாதுன்னாங்க. எனக்கு வேற என்ன வேல தெரியும்? படத்த பீரோவுக்கடியில தள்ளிட்டேன். உங்க பொண்டாட்டிக்கே தெரியாது. அண்ணன் கயிறு பிடிச்சாத்தான் உங்கள அனுப்புவேன்னு காலைல கூடச் சொன்னாள்ல, பைத்தியம்.

கால வச்சுட்டீங்களா? அப்படியே மேல் மாடி ஜன்னல் கம்பியப் பிடிங்க. மெதுவா.

போன மாசம் நாலாவது மாடிலேருந்து வாளி விழுந்துச்சே, கயிறு வழுக்கிருச்சுன்னு சொன்னேன். மேஸ்திரி நம்பி கயித்த மாத்துனாரு. பழைய கயித்து மேல ஒரு தப்பும் இல்ல.

முடிச்சா? இல்ல மாப்ள, கம்பத்துல ஒரு சுத்துதான். முடிச்சுப் போட்டா ஒவ்வொரு தடவையும் அவுக்கணும், வேல ஓடாது. இத்தன வருஷமும் இப்படித்தான். இப்பப் போடலாம்னா அதுக்கு ரெண்டு கை வேணும்.

ஏன்னா கேக்கறீங்க? நீங்க அந்த மூலைக்குச் சாஞ்சப்பவே தோள் கழண்டுருச்சு. கால் மணி நேரமாச்சு. உள்ள தள்ளணும்னா கயித்த விடணும்.

பயப்படாதீங்க, வலது கை இருக்கு. வேர்வைல கொஞ்சம் வழுக்குது, அவ்ளோதான். அந்த இன்னொரு காலையும் எடுத்து வச்சிருங்க மாப்ள.